அத்தியாயம் 6: உப்புக்காற்றில் வேப்பங்கொட்டை

எக்கியார்குப்பம் மீன்பிடிக்கிற ஊர். படகும் வலையும் கருவாட்டுப் பாயுமாக இருக்கிற குப்பத்தில் பூச்சிமருந்துப் பேச்சு எதற்கு என்று தோன்றலாம். கரையை விட்டு மேற்கே வாருங்கள். மரக்காணத்து உப்பளப் பாத்திகள் கண்ணைக் கூசவைக்கும். அவற்றைத் தாண்டினால் சவுக்குத் தோப்பு, மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லை, தை பிறந்துவிட்டால் தர்பூசணிக் கொடி, ஏரித் தண்ணீர் பாய்கிற இடத்தில் நெல். இங்கே அடிக்கிற மருந்தில் மழை கழுவிக்கொண்டு போகிற பங்கு கழுவெளிக்கும் கழிமுகத்துக்கும்தான் போய்ச் சேர்கிறது. கழுவெளியை 2021-ல் தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பறவைக்கு மட்டுமா அது வீடு? இறாலும் மடவையும் நண்டும் அந்த உவர்நீரில்தான் வளர்கின்றன. சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் ஆடுமாட்டை அவ்வளவாகப் பாதிக்காது. மீனையும் இறாலையும் மிகமிகக் குறைந்த அளவிலேயே கொன்றுவிடும். கொல்லைக்காரர் எதை அடிக்கிறார் என்பது வலைக்காரர் வீட்டுச் சங்கதியும்தான்.

கடலோரத்துக்கென்று தனியாக ஓர் அத்தியாயம் எழுத இன்னொரு காரணமும் உண்டு. இயற்கைப் பூச்சிவிரட்டி பற்றிய கையேடுகள் பெரும்பாலும் நல்ல தண்ணீர் உள்ள ஊர்களை மனதில் வைத்து எழுதப்படுகின்றன. அதே அளவு, அதே பக்குவம் இங்கே பொய்த்துப்போகிறது. “வேப்பங்கொட்டை அடிச்சுப் பார்த்தேன், ஒண்ணும் கேட்கலை” என்று சொல்லிவிட்டு மருந்துக் கடைக்கே திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்டுப் பார்த்தால், பலர் கரைசல் போட்டது கரித்துக் கிடக்கிற போர் தண்ணீரில். வேப்பங்கொட்டையைக் குறை சொல்லுமுன் தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

முதலில் தண்ணீர்

வேப்பம்பருப்பில் பூச்சியைத் தடுக்கிற முக்கியமான சரக்கு அசாடிராக்டின். 1968-ல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த், மார்கன் இருவரும் அதைப் பிரித்தெடுத்தார்கள். லேசான புளிப்பு உள்ள நீரில், அதாவது பிஎச் அளவு 4-லிருந்து 6 வரை இருந்தால், அது நிலைத்து நிற்கும். காரம் ஏற ஏறச் சிதைந்துபோகும். கடலோரத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் 8-ஐத் தொடுகிறது. அந்தத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்துக் காலையிலும் வைத்திருந்து சாயங்காலம் தெளித்தால், டேங்குக்குள் இருப்பது வேப்ப வாசனை அடிக்கிற தண்ணீர்தான். மருந்தில் பெரும்பங்கு போயிருக்கும்.

இரண்டாவது சிக்கல் சோப்பு. வேப்பெண்ணெயோ கொட்டைக் கரைசலோ இலையில் ஒட்ட வேண்டும் என்பதற்காகக் காதி சோப்பைக் கரைத்து ஊற்றச் சொல்வார்கள். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த தண்ணீரில் சோப்பு கரையாது. திரிந்த பால் மாதிரி திப்பி திப்பியாக மிதக்கும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் வருஷம் தர்பூசணிக்கு வேப்பெண்ணெய் அடித்தபோது போர் தண்ணீரையே எடுத்தேன். எண்ணெய் மேலே வளையம் வளையமாக நின்றது. கலக்கினால் சரியாகிவிடும் என்று அடித்துவிட்டேன். முதல் டேங்கில் பெரும்பாலும் வெறும் தண்ணீர் போயிற்று. மேலே நின்ற எண்ணெய் கடைசி இரண்டு சாலுக்குப் போயிற்று. மூன்றாம் நாள் அந்த இரண்டு சாலிலும் இளம் இலைகள் ஓரம் கருகி, கொதிக்கிற வாணலியில் பட்ட அப்பளம் மாதிரி சுருண்டு கிடந்தன. அசுவினியோ முதல் சாலில் அப்படியே இருந்தது.

ஆகவே இந்தச் சோதனையை முதலில் செய்யுங்கள். கண்ணாடி பாட்டிலில் பாதித் தண்ணீர் எடுத்து, காதி சோப்பைச் சீவிப் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். நுரை எழும்பி ஐந்து நிமிஷம் நின்றால் சோப்பு கரைகிறது. திப்பி மிதந்தால் அந்தத் தண்ணீர் எண்ணெய்க் கரைசலுக்கு ஆகாது. நுரை வந்துவிட்டதால் எல்லாம் சரி என்றும் முடிவுகட்ட வேண்டாம். சோடா உப்பு மிகுந்த தண்ணீர் நன்றாக நுரைக்கும், காரமும் அதிகமாக இருக்கும். பிஎச் தாள் ஒரு கட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டை நனைத்து நிறம் பார்த்தால் தெரிந்துவிடும்.

மாற்று என்ன? மழைத்தண்ணீர்தான் முதல் மாற்று. கைத்தெளிப்பானில் ஒரு ஏக்கருக்கு ஒரு தடவை தெளிக்க 200 லிட்டர் போதும். அது ஒரே ஒரு நீல டிரம்மின் அளவு. பாசனத்துக்கு நல்ல தண்ணீர் கேட்டால் கடலோரத்தில் யாரும் தரமாட்டார்கள். ஒரு டிரம் கேட்டால் ஊர்க் கேணியிலோ தாங்கல் ஏரியிலோ எடுத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாட்டுக்கொட்டகைத் தகரத்திலிருந்து வழிகிற தண்ணீரை இரண்டு டிரம்மில் பிடித்து, மூடி, நிழலில் வைத்தால் தை மாதத் தெளிப்புக்கு ஆகும்.

நல்ல தண்ணீர் கிடைக்கவே இல்லை, உப்பு குறைவு, ஆனால் காரம் மட்டும் அதிகம் என்றால் எலுமிச்சம் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பிஎச் தாளில் 6 வரும்வரை இறக்குங்கள். கரிப்பு உள்ள தண்ணீருக்கு இது உதவாது. புளிப்பு சேர்த்தால் காரம் குறையுமே தவிர உப்பு போகாது. இலை ஓரம் கருகத்தான் செய்யும். சோப்புக்குப் பதில் பூந்திக்கொட்டையைப் பயன்படுத்துவது கடலோரத்துக்கு மிகப் பொருத்தம். அதன் நுரை சுண்ணாம்புத் தண்ணீரிலும் திரியாது. நாலைந்து காயின் தோலை ராத்திரி ஊறவைத்து, காலையில் பிசைந்து வடிகட்டி, ஒரு டேங்குக்கு ஊற்றலாம்.

ஆனியில் பொறுக்கி, மார்கழியில் உடைப்பது

வேம்பு சித்திரையில் பூத்து ஆனி, ஆடியில் பழம் உதிர்க்கும். மஞ்சளாக உதிர்ந்த பழத்தை அன்றன்றைக்குப் பொறுக்க வேண்டும். மூன்று நாள் ஈரமண்ணில் கிடந்தால் பூசணம் பிடிக்கும். பழத்தைத் தண்ணீரில் போட்டுப் பிசைந்தால் சதை கழன்று வரும். கழுவிய கொட்டையை நிழலில் பரப்பிக் காயவையுங்கள். வெயிலில் காய்ந்தால் சீக்கிரம் வேலை முடியும். வீரியமும் சீக்கிரம் போகும். காய்ந்த கொட்டையைக் கையில் அள்ளிக் குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடுகிற சத்தம் கேட்க வேண்டும். அதுதான் பதம்.

சேமிப்பில்தான் கடலோரத்துக்காரர்கள் இன்னொரு முறை ஏமாறுகிறார்கள். உப்புக்காற்றில் ஈரம் எந்நேரமும் உண்டு. பிளாஸ்டிக் பையில் கட்டி மூலையில் வைத்தால் கொட்டை வியர்த்துப் பச்சைப் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த பருப்பைக் கண்டிப்பாகப் பயன்படுத்தக் கூடாது. அதில் நச்சு இருக்கலாம், இடிக்கிறவருக்கே கேடு. சணல் கோணியில் போட்டு, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொட்டி, கிளறி, திரும்ப அள்ளுங்கள்.

கொட்டை மூன்று மாதம் பழையதாக இருக்க வேண்டும், எட்டு மாதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. ஆடியில் சேர்த்த கொட்டை மார்கழி, தையில் ஐந்தாறு மாதம் ஆகியிருக்கும். தர்பூசணி நடவும் இறவை மல்லாட்டையும் அப்போதுதான் தொடங்குகின்றன. மரமே நமக்காக நாள் குறித்துக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

அளவு எளிது. 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ பருப்பு. 10 லிட்டர் டேங்குக்கு அரைக் கிலோ. ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால் 10 கிலோ பருப்பு வேண்டும். கொட்டையை உடைத்தால் பருப்பு ஏறக்குறையப் பாதிதான் தேறும். எனவே ஏக்கருக்கு ஒரு தடவைக்கு 20 கிலோ கொட்டை கணக்கு வையுங்கள். தெளிக்கிற அன்றைக்கு முந்தைய சாயங்காலம் பருப்பை ஒன்றிரண்டாக இடியுங்கள். மாவாக அரைத்தால் எண்ணெய் பிரிந்து துணி அடைக்கும். 10 கிலோவையும் 20 லிட்டர் நல்ல தண்ணீரில் துணியில் மூட்டையாகக் கட்டி ஊறவையுங்கள். மறுநாள் மூட்டையைத் தண்ணீருக்குள்ளேயே அமுக்கி அமுக்கிப் பிழியுங்கள். பால் மாதிரி வெள்ளையாக இறங்கும். பழுப்பு இறங்கினால் கொட்டை பழசு. இரண்டு முறை மெல்லிய துணியில் வடிகட்டி, பூந்திக்கொட்டைச் சாறோ சோப்புக் கரைசலோ சேர்த்து 200 லிட்டராக்குங்கள். காய்ச்ச வேண்டாம். மறுநாளைக்கு மிச்சம் வைக்க வேண்டாம். பிழிந்த சக்கை வேர்ப் பக்கம் உரமாகப் போகட்டும்.

தெளித்த மறுநாள் செத்த பூச்சியைத் தேடாதீர்கள். முதன்முதலாக அடித்துப் பார்த்த தம்பி ஒருவர் காலையிலேயே கூப்பிட்டார்.

“என்னண்ணே, புழு அப்படியே இருக்குதே, சாவலையே?”

“சாவாது தம்பி. நேத்து இருந்த ஓட்டைக்கு மேல புது ஓட்டை விழுந்திருக்கான்னு இலையைப் பாரு.”

வேம்பு வேலை செய்கிற விதம் அப்படி. பூச்சிக்குத் தின்னப் பிடிக்காமல் செய்யும். தின்ற புழு தோலுரிக்கிற சமயத்தில் உரிக்க முடியாமல் மாட்டிக்கொள்ளும். 1962-ல் டெல்லிப் பக்கம் வெட்டுக்கிளிக் கூட்டம் வந்தபோது, இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் பிரதான் குழுவினர் வேப்பம்பருப்புக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளி தின்னாமல் விட்டதைப் பதிவுசெய்தார்கள். பயிர் தப்பியது, வெட்டுக்கிளி சாகவில்லை. நாலைந்து நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். சின்னப் புழுவுக்கு நன்றாகக் கேட்கும். விரல் நீளம் வளர்ந்த புழுவுக்குக் கேட்காது. அதைக் கையால் பொறுக்குவதுதான் வழி.

இந்த வேம்புக்குச் சொந்தம் கொண்டாடியவர்களும் உண்டு. வேப்பெண்ணெயைக் கொண்டு பயிரின் பூஞ்சை நோயைத் தடுக்கும் முறைக்கு 1994-ல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனத்துக்கும் அமெரிக்க வேளாண்மைத் துறைக்கும் உரிமை கொடுத்தது. இது இந்திய உழவர்களுக்குப் பழைய சங்கதி என்று வாதாடியதில் 2000-ல் அது ரத்தானது. 2005 மார்ச்சில் மேல்முறையீடும் தள்ளுபடியானது. அத்தனை பாடுபட்டு மீட்ட சொத்து ஆனி மாதம் சாலையோரத்தில் வண்டிச் சக்கரத்தில் நசுங்கிக் கிடப்பதைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்கவில்லை.

காற்றும் வெயிலும் தேனீயும்

அசாடிராக்டினை வெயில் சிதைக்கும். கடையில் வாங்குகிற என்பிவி வைரஸும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்கிற பாக்டீரியா மருந்தும் அப்படியே. ஆகவே சாயங்காலத் தெளிப்பு என்பது எல்லா ஊருக்கும் பொது விதி. கடலோரத்தில் அந்த நேரத்தில் கடற்காற்று குறுக்கே நிற்கும். உச்சிப்பொழுதை ஒட்டிக் கிளம்புகிற காற்று சாயங்காலம்வரை ஓயாது. அந்தக் காற்றில் அடித்தால் பாதி மருந்து அடுத்த கொல்லைக்குப் போகும், மிச்சம் உங்கள் முகத்துக்கு வரும்.

சவுக்குக் கிளை நுனியைப் பாருங்கள். நுனி லேசாக அசைந்தால் தெளிக்கலாம். கிளையே ஆடினால் காத்திருங்கள். பொழுது சாய்ந்த பிறகு காற்று தணிகிற ஒரு மணி நேரம் கிடைக்கும். ஒரு ஏக்கரை ஒரே நாளில் முடிக்க முடியாவிட்டால் இரண்டு சாயங்காலமாகப் பிரியுங்கள். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும், ஏனென்றால் பூச்சி அங்கேதான் இருக்கிறது.

காலையில் காற்று அடங்கித்தானே இருக்கிறது, அப்போது அடிக்கலாமே என்றால், தர்பூசணிக்கு ஆகாது. தர்பூசணிப் பூ காலையில் விரிந்து மத்தியானத்துக்குள் கூம்பிவிடும். ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்கு மகரந்தம் கொண்டுபோவது தேனீ. காலைத் தெளிப்பில் தேனீ ஒதுங்கினால் பிஞ்சு நிற்காது, நின்றாலும் காய் கோணும். பூப் பருவத்தில் காலை வேளையில் வேப்பெண்ணெய்கூட வேண்டாம்.

கடலோரத்து ஈரக்காற்று ஒரு விஷயத்தில் நமக்கு வரம். பியூவேரியா, மெட்டாரைசியம் ஆகிய பூஞ்சைகள் பூச்சியின் தோலில் முளைத்து உள்ளே இறங்க ஈரம் வேண்டும். உள்நாட்டுக் கோடையில் அவை திணறுகின்றன. இங்கே ராத்திரிப் பனியும் ஈரக்காற்றும் சேர்ந்து உதவும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூஞ்சை போர்த்திய பூச்சியைக் கண்டால் தட்டிவிடாதீர்கள். அது மற்றப் பூச்சிகளுக்கும் பரப்பும்.

கருவாட்டுப் பொறி

தர்பூசணிக்காரருக்குப் பெரிய எதிரி பழ ஈ. செம்பழுப்பு உடம்பு, மஞ்சள் கோடுகள், பார்க்கக் குட்டிக் குளவி மாதிரி இருக்கும். பெண் ஈ பிஞ்சின் மென்மையான தோலில் குத்தி உள்ளே முட்டையிடும். குத்திய இடத்தில் பிசின் மாதிரி ஒரு சொட்டு கசியும். அந்தச் சொட்டைப் பார்த்தவுடன் பிஞ்சைப் பறித்துவிட வேண்டும். உள்ளே புழு ஏற்கெனவே வேலையைத் தொடங்கியிருக்கும். மேலே அடிக்கிற எந்த மருந்தும், ரசாயனமோ இயற்கையோ, உள்ளே போகாது.

கியூலூர் என்ற இனக்கவர்ச்சிப் பொறி ஆண் ஈக்களை மட்டும் இழுக்கும். முட்டையிடுகிற பெண் ஈயை இழுக்க வேறு ஒன்று வேண்டும். முட்டை முதிர அதற்குப் புரதம் தேவை, அதனால் மீன் வாசனைக்கு வரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பூசணி வகைப் பயிர்களுக்குக் கருவாட்டுத்தூள் பொறியைப் பல காலமாகப் பரிந்துரைக்கிறது. பாலித்தீன் பையில் ஈரமான கருவாட்டுத்தூள் 5 கிராம், டைகுளோர்வாஸ் நனைத்த பஞ்சு, ஹெக்டேருக்கு 50 பொறி. அந்த டைகுளோர்வாஸ் மருந்து 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டுவிட்டது. பழைய கையேடுகளில் இன்னும் அப்படியே அச்சாகிறது. பின்பற்றாதீர்கள். மருந்தில்லாமலும் பொறி செய்யலாம்.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுங்கள். கழுத்துக்குக் கீழே, தோள்பட்டை வளைவில், பழுக்கக் காய்ச்சிய ஆணியால் ஆறு ஓட்டை போடுங்கள். ஓட்டை 3 மில்லிமீட்டர் அளவு போதும். பெரிதாகப் போட்டால் நீல ஈ புகுந்து ஒரே நாளில் பாட்டிலை நிறைத்துவிடும். கருவாட்டுத்தூளை, மீன் வெட்டிய தலை வால் காய்ந்ததாக இருந்தாலும் சரி, ஒரு ஸ்பூன் எடுத்துத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, கந்தல் துணியில் கட்டி மூடியிலிருந்து நூலில் தொங்கவிடுங்கள். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சோப்புத் தண்ணீர். உள்ளே போன ஈ வெளிவரத் தெரியாமல் முட்டி முட்டி அதில் விழும். கொடி தரையில் படர்கிற பயிர் என்பதால் பாட்டிலை உயரத்தில் கட்டாமல் முழங்கால் உயரக் குச்சியில் கட்டுங்கள். ஏக்கருக்கு 20. பிஞ்சு எலுமிச்சை அளவாகும் முன்பே வைத்துவிட வேண்டும். சோப்புத் தண்ணீரை வாரம் ஒரு தடவை, கருவாட்டுத்தூளை 20 நாளுக்கு ஒரு தடவை மாற்றுங்கள். பூனையும் காக்கையும் வாசனைக்கு வரும். கட்டு இறுக்கமாக இருக்கட்டும்.

கருவாட்டில் உப்பு இருக்குமே என்று கேட்பார்கள். பாட்டிலுக்குள்ளேயே இருப்பதால் மண்ணைத் தொடாது. குப்பத்தில் கருவாடு புடைக்கிற இடத்தில் கீழே விழுகிற தூளும் செதிலும் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். விலை கொடுத்தே வாங்குங்கள். ஒரு படி தூளுக்குப் பத்து ரூபாயாவது கைக்கு வந்தால் அதைத் தனியாக எடுத்துவைக்க அந்த அக்காவுக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

பொறி மட்டும் போதாது. குத்துப்பட்ட பிஞ்சும் அழுகிய காயும் கொல்லையிலேயே கிடந்தால் புழு மண்ணில் இறங்கிக் கூண்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். அவற்றைப் பொறுக்கி, பிளாஸ்டிக் சாக்கில் கட்டி வெயிலில் ஒரு வாரம் போடுங்கள். வெறுமனே வரப்பில் எறிவது ஈயை வளர்ப்பதற்குச் சமம்.

தர்பூசணியில் இன்னும் சில. முளைத்த புதிதில் இலையைச் சல்லடையாக்குகிற சிவப்பு வண்டைக் காலைப் பனியில், அது மந்தமாக இருக்கும்போது, கையால் பிடிக்கலாம். அடுப்புச் சாம்பல் தூவுகிற பழைய வழக்கமும் பலன் தரும். ஆனால் சாம்பல் காரம். சாம்பல் தூவிய இலையில் அன்றே வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்தால் இரண்டும் வீண். இலைப்பேன் பரப்புகிற மொட்டுக் கருகல் வைரஸுக்கு எந்தக் கடையிலும் மருந்து இல்லை. நுனி கருகிய செடியைப் பிடுங்கிப் புதைப்பதும், தொடக்கத்திலிருந்தே நீல ஒட்டுப்பொறி வைப்பதும்தான் வழி. ஒட்டுப்பொறியில் கடற்காற்று மணலை வாரி அப்பிவிடும். வாரம் ஒருமுறை துடைத்து விளக்கெண்ணெய் தடவுங்கள். கந்தகத் தூளும் தாமிரத் தூளும் பூசணிக் குடும்பத்துக்கு ஆகாது, இலை வெந்துபோகும். இயற்கை விவசாயத்தில் அனுமதி உண்டே என்று அடித்துவிட வேண்டாம்.

மல்லாட்டையில் முதல் மழை ராத்திரி

டிஎம்வி என்று பெயர் தொடங்குகிற மல்லாட்டை ரகங்கள் எல்லாம் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தவை. இந்த மண்ணின் பயிர். மானாவாரியில் அதைப் பிடிக்கிற கொள்ளை, சிவப்புக் கம்பளிப்புழு. மண்ணுக்குள் கூண்டுப்புழுவாகத் தூங்கிக்கிடக்கும். கோடை உழவுக்குப் பிறகு ஒரு நல்ல மழை பெய்த சாயங்காலமே அந்துப்பூச்சி கூட்டமாக வெளியே வரும். விளக்கைத் தேடி வரும் குணம் அதற்கு உண்டு. மழை பெய்த அன்றைக்கு ராத்திரி ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை கொல்லை ஓரத்தில் விளக்குப்பொறி வையுங்கள் அல்லது தீ மூட்டுங்கள். ஒருவர் மட்டும் செய்தால் அக்கம்பக்கத்துப் பூச்சியெல்லாம் அவர் கொல்லைக்கு வந்து முட்டையிடும். மழை பெய்த அன்றே ஊர் முழுக்கச் செய்ய வேண்டும். முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தப்பிய பூச்சி இலையின் அடியில் குவியலாக முட்டையிடும். குஞ்சுப்புழுக்கள் முதல் சில நாள் ஒரே இலையில் கூட்டமாகச் சுரண்டும், இலை கண்ணாடி மாதிரி ஆகும். அந்த இலையைக் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட்டால் நூற்றுக்கணக்கில் ஒழிந்தது. வளர்ந்துவிட்டால் ஒரு கொல்லையிலிருந்து இன்னொரு கொல்லைக்குப் படையாக நடக்கும். அப்போது சுற்றிலும் ஓர் அடி ஆழத்துக்குச் செங்குத்தான பள்ளம் வெட்டுவதைத் தவிர வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வெட்டுப்புழுவுக்கு வரப்பில் ஆமணக்கு நடுங்கள். தாய்ப்பூச்சி ஆமணக்கு இலையில்தான் முதலில் முட்டையிடும், அங்கேயே பொறுக்கிவிடலாம். கடையில் அதற்கான என்பிவி கிடைத்தால் ஏக்கருக்கு ஒரு கிலோ வெல்லம் கரைத்துச் சேர்த்து சாயங்காலம் தெளியுங்கள். நோய்ப்பட்ட புழு செடி நுனிக்கு ஏறித் தலைகீழாகத் தொங்கும்.

வேரழுகலுக்கு விதையிலேயே காப்புச் செய்ய வேண்டும். ஒரு கிலோ விதைப்பருப்புக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதையுங்கள். மண்ணுக்கு ஏக்கருக்கு ஒரு கிலோவை 20 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஒரு வாரம் நிழலில் ஈரமாக வைத்துப் போடலாம். பூஞ்சைக்கொல்லி கலந்த விதையில் டிரைக்கோடெர்மாவைச் சேர்க்காதீர்கள். அதுவும் பூஞ்சைதான், செத்துவிடும்.

நெல்லுக்கு இந்தக் கரையில் தனியாகச் சொல்ல அதிகமில்லை. தண்டு துளைப்பானுக்கு டிரைக்கோகிரம்மா ஜப்போனிக்கம் முட்டை ஒட்டுண்ணி அட்டை, ஏக்கருக்கு 2 சிசி, நடவு செய்த 30-ம் நாளும் 37-ம் நாளும். அட்டை கட்டிய வாரத்தில் எந்த மருந்தும் அடிக்கக் கூடாது.

இலைக் கரைசலும் மீன் கரைசலும்

இயற்கை உழவறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிப் பரப்பிய வழி எளியது: ஆடு மாடு தின்னாத இலையைத் தேர்ந்தெடு. நொச்சி, ஆடாதொடை, எருக்கு, வேம்பு, உண்ணிச்செடி, ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ இடித்து, 5 லிட்டர் கோமியம், 5 லிட்டர் தண்ணீர் ஊற்றி ஒரு வாரம் ஊறவைத்து, டேங்குக்கு அரை லிட்டர் வடிகட்டி அடிக்கலாம். இது விரட்டி, கொல்லாது. பூச்சி வருமுன் அடித்தால்தான் பயன். பழைய கோமியத்தில் காரம் ஏறும், ஆகவே இதையும் வேப்பங்கொட்டைக் கரைசலையும் ஒரே டேங்கில் கலக்காதீர்கள்.

எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஊமத்தை சேர்ப்பவர்களும் உண்டு. குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம் என்பேன். புகையிலைக் கஷாயத்தை இந்த நூல் பரிந்துரைக்கவில்லை. நிக்கோட்டின் மனிதருக்கும் தேனீக்கும் கொடிய நஞ்சு. நிக்கோட்டின் சல்பேட்டைப் பூச்சிமருந்தாக இந்தியாவில் பயன்படுத்தவே தடை உண்டு. இலையிலிருந்து வந்தது என்பதால் எதுவும் சாதுவாகிவிடாது. இடிக்கிற உரலும் ஊறவைக்கிற பானையும் சமையலுக்குத் திரும்பக் கூடாது.

மீன் கழிவும் வெல்லமும் சமமாகப் போட்டு 21 நாளுக்கு மேல் நொதிக்கவைக்கும் மீன் அமிலம் குப்பத்துப் பக்கத்தில் சுலபமாகக் கிடைக்கும். அது பயிர் ஊக்கி, பூச்சிமருந்து இல்லை. உப்புப் போடாத பச்சை மீன் கழிவை மட்டும் எடுங்கள். அளவு மீறினால் இலை கொழுத்து அசுவினியை அழைக்கும். மாவுப்பூச்சிக்கு மீன் எண்ணெய் ரோசின் சோப்பு லிட்டருக்கு 25 கிராம் நல்ல மருந்து. அதற்கும் நல்ல தண்ணீர் வேண்டும்.

கடையில் வாங்கும்போது

வேம்பு மருந்துகள் 300, 1500, 10,000 பிபிஎம் என்று பல வீரியத்தில் வருகின்றன. அளவு ஒன்றுக்கொன்று வேறு. லேபிளைப் படிக்காமல் மூடியால் அளந்து ஊற்றாதீர்கள். பதிவு எண் இருக்கிறதா, தயாரித்த தேதி என்ன என்று பாருங்கள். டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் போன்றவை உயிருள்ள சரக்கு. வெயில் படுகிற அலமாரியில் மாதக்கணக்கில் இருந்த பாக்கெட்டில் வெறும் டால்க் பவுடர்தான் மிச்சம். “இயற்கை மருந்து, எல்லாப் பூச்சிக்கும் கேட்கும்” என்று லேபிளே இல்லாத பாட்டிலை நீட்டினால் வாங்காதீர்கள். உள்ளே ரசாயனத்தையே கலந்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் திண்டிவனத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். தாக்கப்பட்ட இலையை ஒரு கவரில் போட்டுக் கையோடு கொண்டுபோனால் பதில் சரியாகக் கிடைக்கும்.

கடைசியாக இரண்டு வேலை. டேங்கைக் கழுவிய தண்ணீரை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். வேம்புகூட இறால் குஞ்சுக்கும் நீர்ப்பூச்சிக்கும் கெடுதல் செய்யும். வரப்பு ஓரம் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். ஆனி மாதம் முதல் பழம் உதிர்ந்த அன்றைக்கே வீட்டுக்கு ஒரு கோணியோடு வேப்பமரத்தடிக்குப் போய்விடுங்கள். ஒரு ஏக்கருக்கு, மூன்று தெளிப்புக்கு, 60 கிலோ காய்ந்த கொட்டை வேண்டும்.